பழைய முகத்துடன் ஆஜராகவும்

டி.எஸ்.பி. அரங்கநாதனுக்கு மஞ்சள் காமாலை வராமல் இருந்திருந்தால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு அப்படியொரு தனிப்பிரிவு கிடைத்திருக்காது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மோர்ச்சோறும் படுக்கையுமாக அவர் வீட்டில் கிடந்த நாட்களில், அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருந்த கொரியத் தொடரை அவரும் பார்க்க வேண்டியதாயிற்று. கொரியர்கள் சுத்தமான தமிழில் பேசிக்கொண்டே கொலை செய்துகொண்டிருந்தார்கள். கொலை செய்தவன் நேராக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கு, தாடை, கண்ணிமை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, செத்தவன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே வேறு ஆளாகக் குடியேறிவிடுவான். ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் ஓர் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து, எதிரில் வருகிறவர்களின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தே அவனைப் பிடித்துவிடுவார்கள்.

காமாலை இறங்குவதற்குள் டி.எஸ்.பி.க்கு ஞானம் ஏறியிருந்தது. வேலைக்குத் திரும்பிய கையோடு மேலே எழுதிப் போட்டார். மேலே இருந்தவர்களும் நவீனமாக ஏதாவது செய்ததாகக் காட்டவேண்டிய நெருக்கடியில் இருந்ததால், படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். திண்டிவனத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய கால்நடை மருந்தகக் கட்டடத்தில் 'முகமாற்றக் குற்றப் புலனாய்வுத் தனிப்பிரிவு' திறக்கப்பட்டது. ஊசி போடும்போது மாடுகளைக் கட்டிவைக்கும் இரும்புச் சட்டம் வாசலிலேயே இருந்தது. அதைப் பிடுங்க நிதி ஒதுக்காததால், வந்தவர்கள் அதற்குள் நுழைந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது.

திறப்பு விழாவில் டி.எஸ்.பி. பேசினார்.

"இந்தப் பக்கத்துல மூஞ்சிய மாத்திக்கிட்ட குற்றவாளி ஒருத்தன்கூட இதுவரைக்கும் பிடிபட்டதில்ல. அவனுங்க எவ்வளவு நல்லா மாத்தியிருக்கானுங்கன்றதுக்கு இதவிட வேற ஆதாரம் வேணுமா? நமக்கு ஆள் பத்தல, வண்டி பத்தல, டீசல் பத்தல. ஆனா மூஞ்சிங்க மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. இருக்கறத வச்சி ஆரம்பிப்போம்."

பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வேண்டும். அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம் என்றபோது சிலர் தூக்கினார்கள். இரண்டு தடவை பார்த்தவர் சக்கரபாணி ஒருவர்தான். பதவி அவருக்கே போயிற்று.

பிரிவு என்று ஒன்று இருந்தால் வழக்கு என்று ஒன்று வேண்டாமா? மலர்விழி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தது சரியாக அந்தச் சமயத்தில்தான்.

மலர்விழிக்கு ஓமந்தூரை அடுத்த ஒரு சிற்றூர். அப்பா இல்லை. அம்மா பூமாலை கூலி வேலைக்குப் போய்த்தான் அவளைப் படிக்கவைத்தாள். பிறக்கும்போதே மலர்விழியின் மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், களையெடுத்ததுதான் காரணமென்று ஊரே பூமாலைமேல் பழி போட்டது. கிரகணத்தன்றும் களையெடுக்கக் கூப்பிட்ட கொல்லைக்காரரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மலர்விழி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே போய்வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். வீட்டில் அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும்தான் அவளுடைய முழு முகம் இருந்தது. கைக்குட்டையை எடுக்கச் சொன்னது அரசாங்கம் மட்டும்தான்.

புதுச்சேரியில் நர்சிங் படித்தபோது, அங்கே பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெரிய டாக்டர் காசு வாங்காமல் உதட்டைத் தைத்து, மூக்கையும் நேராக்கிக் கொடுத்தார். கட்டுப் பிரித்தபிறகு அவளுக்குச் சிரித்துப் பழகவே கொஞ்ச காலம் பிடித்தது. படிப்பு முடிந்து சில வருஷம் திண்டிவனத்தில் வேலை பார்த்தாள். இப்போது மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. சித்திரை முடிவதற்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் ஏட்டு தென்னரசு. நல்ல மனிதர். பூமாலை கொடுத்த டீயைக் குடித்தபடி சான்றிதழைப் புரட்டினார். போட்டோவைப் பார்த்தார், மலர்விழியைப் பார்த்தார், மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"நான்தாங்க சார். ஆபரேசனுக்கு முன்னால எடுத்தது."

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கறாங்கம்மா" என்றார் தென்னரசு மனசார. டீ கிளாஸைக் கீழே வைத்தபிறகுதான் அவருக்கு அந்தச் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. முகம் மாறியவர் யாரைக் கண்டாலும் தனிப்பிரிவுக்கு அனுப்பவேண்டும், தவறினால் மெமோ. அவர் தலையைச் சொறிந்தார். "சும்மா ஒரு தபா திண்டிவனம் ஆபீஸ்ல போயி மூஞ்சிய காட்டிட்டு வந்துரும்மா. அஞ்சு நிமிசத்து வேலதான்."

மலர்விழியும் பூமாலையும் மறுநாளே போனார்கள். மாடு கட்டும் சட்டத்துக்குள் நுழைந்து உள்ளே போனபோது, சக்கரபாணி மேசையில் ஒரு பூதக்கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பூமாலையை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டு, மலர்விழியை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"பேரு?"

"மலர்விழி சார்."

"இப்ப வச்சிக்கினு இருக்குற பேர கேக்கல. ஒரிஜினல் பேரு."

"அதுவே ஒரிஜினல்தான் சார்."

"ஆபரேசன் இன்னாத்துக்கு பண்ணிக்கின?"

"ஒதடு பொளந்திருந்துது சார். அத தைக்கறதுக்கு."

"அத தச்சா மூஞ்சி மாறும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

மலர்விழிக்கு இந்தக் கேள்வி எங்கே போகிறதென்று புரியவில்லை. "மாறணும்னுதான் சார் பண்ணிக்கினேன்."

சக்கரபாணி பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த காவலரிடம் திரும்பினார். "முகத்தை மாற்றும் நோக்கத்துடனேயே செய்துகொண்டதாக ஒப்புக்கொண்டார்னு எழுதுய்யா."

அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களை எடுத்து நீட்டினாள். அவர் தொடக்கூட இல்லை. நாலாவது எபிசோடில் ஆஸ்பத்திரிக் காகிதமே போலிதான் என்றார். அப்படியானால் விரல் ரேகையை வைத்துப் பாருங்கள் என்றாள். ஒன்பதாவது எபிசோடில் ரேகையையே மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ரேகையைப் பற்றி அவளே பேச்செடுத்ததைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"எங்கம்மா வந்து நான்தான்னு சொன்னா ஒத்துக்குவீங்களா சார்?"

"எட்டாவது எபிசோடுல பெத்த தாயே ஏமாந்துட்டா. பொண்ணுன்னு நெனச்சி வேற ஒருத்திக்கு ஒரு மாசம் சோறு போட்டுக்கினு இருந்தா."

வாசற்படியிலிருந்து பூமாலை சொன்னாள். "நான் இருவத்தாறு வருசமா போட்டுக்கினு இருக்கறேங்க."

"பாத்தியாய்யா" என்றார் சக்கரபாணி காவலரிடம். "எவ்ளோ பெரிய பிளானு."

மலர்விழிக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்ததும் சக்கரபாணி குரலை இறக்கினார். அவர் மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. பயந்தவர்களிடம் அன்பாகப் பேசக்கூடியவர்தான்.

"எங்க டிபார்ட்மெண்ட்ட பத்தி தப்பா நெனச்சிக்காதம்மா. நாங்க யாரையும் அநாவசியமா சந்தேகப்படறதே கெடையாது. முடிவு பண்ணிட்டுதான் விசாரிப்போம்."

தொடரில் போலீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் இருப்பார். எனவே தனிப்பிரிவுக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அரசாங்க டாக்டர்கள் யாரும் மாட்டைக் கட்டும் இடத்துக்கு வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் விழுப்புரத்தில் தலைமுடி நட்டுவிடும் நிலையம் வைத்திருந்த டாக்டர் சீனுவாசன் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அவர் படித்தது பல், நட்டது முடி. நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் அதுவரை அவர் தொட்டதில்லை.

மலர்விழியை அவருடைய நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் அவள் நெற்றியிலிருந்து மோவாய்வரை கோடு கோடாக இழுத்தார். தொடரில் டாக்டர் அப்படித்தான் செய்வாராம்.

"டாக்டர், நீங்க பல் டாக்டர்னு வெளிய போர்டுல போட்டிருக்குதே" என்று மலர்விழி மெதுவாகக் கேட்டாள்.

"பல்லு எங்கம்மா இருக்குது? மூஞ்சிக்குள்ளதான இருக்குது?" என்றார் சீனுவாசன். "வீட்டுக்குள்ள வேல செய்யத் தெரிஞ்சவனுக்கு வாசல் தெரியாதா?"

அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கத்துக்கும் குறைவு. முகத்தில் கைவேலை நடந்திருப்பது உறுதி, வேலை மிகவும் சுத்தமாக இருப்பதால் இது உள்ளூரில் நடந்திருக்க வாய்ப்பில்லை, பெரிய கும்பல் இதன் பின்னால் இருக்கலாம் என்று அதில் இருந்தது. கிளம்பும்போது அவள் கையில் ஒரு தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்து, இடது புருவத்தில் முடி கொஞ்சம் கம்மியாக இருக்கிறது, வழக்கு முடிந்ததும் வந்து பாருங்கள் என்றார்.

ஊதாக் கோடுகள் எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அவள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு பக்கத்து இடம் மறுபடி காலியாக இருந்தது.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஓர் அழைப்பாணை வந்தது. தாங்கள் மலர்விழிதான் எனில் வரும் வெள்ளிக்கிழமை காலை பழைய முகத்துடன் நேரில் ஆஜராகவும், தவறினால் தாங்கள் மலர்விழி அல்ல எனக் கருதப்படும் என்று அதில் இருந்தது. கீழே சக்கரபாணியின் கையெழுத்தும் முத்திரையும்.

மலர்விழி அதைப் படித்துக் காட்டினாள். பூமாலை அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த மூஞ்சி இருந்தப்ப ஒருத்தரும் ஏறெடுத்து பாக்கல. பொண்ணு கேக்க வந்தவன் தண்ணி கூட குடிக்காம எழுந்து போனான். இப்ப அத எடுத்துக்கினு வான்னா எங்க போயி எடுத்தாருது?"

மலர்விழி உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். இரண்டு விரலால் மேலுதட்டைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. தையல் போட்ட கோடுதான் லேசாக வெளுத்தது. அந்த முகம் போனதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைத் தேடினாள். தேடுகிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. விரலை எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து களி தின்றாள்.

வெள்ளிக்கிழமை இருக்கிற முகத்தோடுதான் போனாள். சக்கரபாணி ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தார். ஆஜரானவர், அடையாளம் தெரியாத பெண். ஆஜராகாதவர், மலர்விழி.

ஆஜராகாதவர் எங்கே என்பது அடுத்த கேள்வி. அன்றைக்குச் சாயங்காலமே 'மலர்விழியைக் காணவில்லை' என்று வழக்குப் பதிவானது. புகார் கொடுக்க யாரும் இல்லாததால் தனிப்பிரிவே தன்னிடம் புகார் கொடுத்துத் தானே பெற்றுக்கொண்டது. சந்தேக நபர், மலர்விழி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெண்.

பத்தாம் வகுப்பு போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரொட்டி அடித்தார்கள். திண்டிவனம் பஸ் நிலையத்தில், கண்டாச்சிபுரம் சந்தையில், திருவெண்ணெய்நல்லூர் போகும் பஸ்களின் முதுகில், எங்கே பார்த்தாலும் அந்த முகம். கைக்குட்டைக்குப் பின்னால் இருபது வருஷம் மறைத்து வைத்திருந்த முகத்தை அரசாங்கம் பசை தடவி ஊரெல்லாம் ஒட்டியது. ஒருநாள் பஸ்ஸில் மலர்விழியின் சீட்டுக்கு மேலேயே ஒன்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அதை அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பாவம், எங்க போச்சோ இந்தப் பொண்ணு. பெத்தவ எப்படித் துடிச்சிக்கினு இருக்காளோ."

"வீட்டுலதான் இருக்காங்க" என்றாள் மலர்விழி. "களையெடுக்கப் போயிருக்காங்க."

காணாமல் போனவர் கிடைத்துவிட்டதாகத் தென்னரசு வந்து சொன்னபோது, மலர்விழி முதலில் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, இல்லம்மா, வேற ஒருத்தங்க, நாளைக்கு விழுப்புரத்துல பிரஸ்மீட், நீயும் உங்கம்மாவும் வரணுமாம் என்றார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பத்திரிகைக்காரர்களுக்கு போண்டாவும் டீயும். மேடையில் டி.எஸ்.பி. அரங்கநாதன், சக்கரபாணி, சீனுவாசன். அவர்களுக்கு நடுவில், மேலுதடு பிளந்த ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கையிலும் கழுத்திலும் கரும்புச் சோகை கிழித்த கோடுகள் இருந்தன.

டி.எஸ்.பி. மைக்கைப் பிடித்தார்.

"நாற்பது கரும்புக் கொல்லைகள சல்லடை போட்டு சலிச்சி மலர்விழிய மீட்டிருக்கோம். எங்களுக்கு எந்தத் துப்பும் கெடைக்கல, எந்த ஆதாரமும் கெடைக்கல, யாரும் தகவல் தரல. எல்லாத்தையும் மீறி கண்டுபுடிச்சிருக்கோம். போட்டோவையும் இவங்களையும் நீங்களே பாருங்க. அதே உதடு. இதுக்கு மேல விஞ்ஞானம் இன்னா செய்ய முடியும்?"

"எம் பேரு சின்னபொண்ணுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அதிர்ச்சியில பேர மறந்துட்டாங்க" என்று டி.எஸ்.பி. பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கினார்.

பிறகு பூமாலையை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, சின்னபொண்ணின் கையைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார். கேமராக்கள் மின்னின. பூமாலை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். என் மகள் இல்லை என்று சொல்லத்தான் மேடை ஏறியிருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"சாப்டியாம்மா?"

சின்னபொண்ணு இல்லை என்று தலையாட்டினாள். காலையில் பிடித்து ஏற்றியவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. தாயும் மகளும் சேர்ந்த உருக்கமான காட்சி என்று மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. ஓரத்தில் சந்தேக நபர் போண்டா தட்டோடு நின்றிருந்தார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். சின்னபொண்ணு தன் அண்ணனுக்கு மலர்விழியின் போனிலிருந்து பேசினாள். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சோறு போடுகிறார்களா என்று மட்டும் விசாரித்தான். போடுகிறார்கள் என்றதும், சரி, இங்கே ஒரு வாய் மிச்சம், கரும்பு வெட்டு முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு வா என்றான். போனைத் திருப்பிக் கொடுத்த சின்னபொண்ணு மலர்விழியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஒற்றை விரலை நீட்டி மலர்விழியின் மேலுதட்டுக் கோட்டைத் தொடாமல் தொட்டாள்.

"இத எங்கக்கா தச்சாங்க?"

"புதுச்சேரியில. உனக்கும் தச்சிக்கலாமா?"

"தச்சிக்கினா என்னயும் புடிச்சிக்கினு போவாங்களே."

"வந்தா நான் வந்து நீதான்னு சொல்றேன்."

அப்படிச் சொன்னபோதுதான், தான் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது மலர்விழிக்கு உறைத்தது. இப்போது சின்னபொண்ணுதான் மலர்விழி. தானோ யாருமில்லை. யாருமில்லாதவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மஸ்கட்டிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, போலீஸ் பார்த்ததைத் தானும் பார்த்துவிட வேண்டும். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, மூன்று பேரும் அந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தார்கள். பூமாலைக்குக் கதை பிடித்துப்போயிற்று. அந்த இன்ஸ்பெக்டர் பையனுக்கு டாக்டரம்மாவைக் கட்டிவைத்துவிடலாம் என்று அபிப்பிராயப்பட்டாள். பன்னிரண்டாவது எபிசோடோடு தமிழ் நின்றுவிட்டது. மிச்சம் கொரிய மொழியில்தான் இருந்தது, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. நர்சிங்கில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு மலர்விழி ஒவ்வொரு வரியாக மற்ற இருவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி எபிசோடின் நடுவில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி ஆச்சி?" என்றாள் பூமாலை.

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு திண்டிவனம் போவணும்."

தனிப்பிரிவில் அன்று டி.எஸ்.பி.யும் இருந்தார். சந்தேக நபர் தானாகவே வந்ததைப் பார்த்துச் சக்கரபாணிக்கு உற்சாகம். ஒப்புக்கொள்ள வந்தாயா என்று கேட்டார்.

"இல்லங்க சார். நீங்க அந்தக் கொரியன் தொடர கடைசி வரைக்கும் பாத்தீங்களான்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

"தமிழ்ல இன்னும் வரலியே" என்றார் சக்கரபாணி.

"நான் கொரியன்லயே பாத்துட்டேன் சார்."

டி.எஸ்.பி. அவசரமாகக் கையைத் தூக்கினார். "யம்மா, சொல்லிடாத. வூட்டுல ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னு இருக்கோம்."

"சொல்லலங்க சார். ஆனா கேஸுக்கு தேவைன்னா?"

கடமைக்கும் தொடருக்கும் நடுவில் டி.எஸ்.பி. கொஞ்ச நேரம் தவித்தார். கடைசியில் கடமை ஜெயித்தது. சொல் என்று சைகை காட்டினார்.

"எல்லாக் கொலையும் செஞ்சது அந்த போலீஸ்ல இருக்குறவருதான் சார். முன்னாலயே மூஞ்சிய மாத்திக்கினு போலீஸ்ல சேந்துட்டிருக்காரு. மத்தவங்க மூஞ்சியெல்லாம் அவரு ஏன் அப்படி நோண்டி நோண்டிப் பாத்தாருன்னா, தன் மூஞ்சிய யாரும் பாக்கக்கூடாதுன்னுதான்."

சுவரில் பல்லி கத்தியது கேட்டது.

"போலீஸ்ல யாரு?" என்று டி.எஸ்.பி. கேட்டார். "டி.எஸ்.பி. ரேங்க்கா? இன்ஸ்பெக்டர் ரேங்க்கா?"

மலர்விழி இரண்டு பேரையும் பார்த்தாள். கொரியப் போலீசில் எது எந்தப் பதவி என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

"இன்ஸ்பெக்டர் மாதிரிதான் சார் இருந்துது."

டி.எஸ்.பி. நாற்காலியோடு மெதுவாகத் திரும்பிச் சக்கரபாணியைப் பார்த்தார். வேலையில் இத்தனை காலம் கூடவே இருந்தும் அந்த முகத்தை அவர் அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது.

"சார், நான் சார்" என்றார் சக்கரபாணி.

"அதத்தான்யா எல்லாரும் சொல்றாங்க" என்றார் டி.எஸ்.பி.

பணிப் பதிவேட்டை வரவழைத்தார்கள். அதிலிருந்த சக்கரபாணி ஒல்லியாக, சுருட்டை முடியோடு, மீசையில்லாமல், உலகத்தை நம்புகிற கண்களோடு இருந்தார். எதிரில் நின்றவரிடம் இவை எதுவும் இல்லை. சீனுவாசன் ஊதாப் பேனாவோடு வந்து கோடு போட்டுப் பார்த்துவிட்டு, மண்டை அதேதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, முடி நட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று அறிக்கை கொடுத்தார். வீட்டுக்காரம்மாவை அழைத்து இவர்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். ஆனால் சற்று யோசித்தபிறகு சொன்னார். அந்த யோசனை தனியாகப் பதிவு செய்யப்பட்டது. பழைய முகத்துடன் ஆஜராகும்படி சக்கரபாணிக்கு டி.எஸ்.பி. கையெழுத்திட்டு அழைப்பாணை போனது. அதுவரை அவர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்.

இதனால் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. அடையாளம் தெரியாத ஒருவர் நடத்திய விசாரணை செல்லுமா? செல்லாது என்று மேலே இருந்தவர்கள் இந்தத் தடவையும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்கள். சக்கரபாணி பிடித்தது, தேடியது, மீட்டது எல்லாம் ஒரே நாளில் ரத்தாயின. மலர்விழி காணாமல் போகவில்லை என்று ஆயிற்று. சின்னபொண்ணு மீண்டும் சின்னபொண்ணு ஆனாள். பாஸ்போர்ட் விண்ணப்பம் சாதாரண ஸ்டேஷனுக்கே திரும்பி வந்தது. தென்னரசு மறுபடி வீட்டுக்கு வந்து, டீ குடித்து, மலர்விழியின் முகத்தைப் பார்க்காமலேயே எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போனார். பார்த்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

தனிப்பிரிவை மூடவில்லை. அது இப்போது தன் ஆட்களையே ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தது. வேலை தலைக்குமேல் இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் ஆட்கள் கேட்டு டி.எஸ்.பி. எழுதியிருந்தார்.

பாஸ்போர்ட் தபாலில் வந்துசேர்ந்தது. சின்னபொண்ணுக்குப் புதுச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். கூடப் போய் இருப்பதாகப் பூமாலை ஒத்துக்கொண்டிருந்தாள். மலர்விழி மஸ்கட்டுக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன. பெட்டியில் வறுத்த மல்லாட்டையைப் பொட்டலம் கட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் வாசலில் யாரோ செருமினார்கள்.

சக்கரபாணி நின்றிருந்தார். சீருடை இல்லை. சாயம் போன சட்டை. நெற்றியிலும் கன்னத்திலும் ஊதாக் கோடுகள் வியர்வையில் கலைந்து வழிந்திருந்தன. பூமாலை ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் நின்றபடியே முழுச் சொம்பையும் குடித்தார்.

"பஸ்ல வந்தேம்மா" என்றார். "ஒருத்தரும் பக்கத்துல உக்காரல."

மலர்விழி அடுத்த பொட்டலத்துக்குக் காகிதத்தை எடுத்தாள்.

"நான்தான் சக்கரபாணின்னு யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லணுமாம்மா. பொண்டாட்டி சொன்னா செல்லாதாம். கூட வேல பாக்கறவங்க சொன்னாலும் செல்லாதாம், பாசத்துல ஏமாந்துருவாங்களாம். எம்மேல துளிகூட பாசமில்லாத ஆளா இருக்கணுமாம். அப்படி ஊர் பூரா இருக்காங்க. கூப்ட்டா ஒருத்தரும் வரமாட்டேன்றாங்க." அவர் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "பென்சன் வரைக்கும் நின்னுபோவுதும்மா. பேஜாராயிடுச்சி."

அவரை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்கவேண்டும் என்று மலர்விழி பலநாள் மனசுக்குள்ளேயே பேசிப் பார்த்து வைத்திருந்தாள். அந்த அழைப்பாணையைப் பற்றி, சுவரொட்டிகளைப் பற்றி, அம்மா வாசற்படியில் நின்றதைப் பற்றி. இப்போது அவர் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதிரில் இருப்பவர் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனியும் அந்தக் குனிவு அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்க வைத்திருந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. அதே சமயம், மன்னித்துவிட்டோமா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அப்படியும் ஒன்று இல்லை.

"வர்றேன் சார். வந்து சொல்றேன்."

"இன்னான்னும்மா சொல்லுவ? கேள்வி குறுக்க மறுக்க கேப்பாங்க. எப்படி அடையாளம் தெரியும்னு கேப்பாங்க."

மலர்விழி மல்லாட்டைப் பொட்டலத்துக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"எத்தினி பேருக்கு நடுவுல நின்னாலும் தெரியும்னு சொல்லுவேன். இவ்ளோ நடந்தப்புறமும் நீங்க கொஞ்சங்கூட மாறவே இல்ல சார்."

பல வாரங்களாக யாரும் அவரிடம் அப்படியொரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி அவளைக் கும்பிட்டார்.